அட்டையில் '4கே', திரையில் பாதி வேகம்: ஒரு யூஎஸ்பி-சி எச்டிஎம்ஐ அடாப்டரின் எட்டு மாத மதிப்புரை

மடிக்கணினியைத் தொலைக்காட்சியுடன் இணைத்த முதல் நாளில் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது சுட்டியின் அம்புக்குறிதான். கையை இடமிருந்து வலமாக வேகமாக நகர்த்தினால், மடிக்கணினியின் சொந்தத் திரையில் வழுக்கிக்கொண்டு ஓடும் அந்த அம்பு, பெரிய திரையில் தத்தித் தத்திப் போனது. உற்றுப் பார்த்தால் அதன் பின்னால் நாலைந்து அம்புகள் இடைவெளி விட்டு வரிசையாக நிற்பது போலத் தோன்றியது. எழுத்துகள் கூர்மையாக இருந்தன. நிறங்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரிமோட்டில் தகவல் பட்டனை அழுத்தியபோது தொலைக்காட்சியும் 3840 × 2160, அதாவது 4கே, என்றே காட்டியது. ஆனாலும் ஒரு நீண்ட கட்டுரையை மேலும் கீழும் உருட்டி அரைமணி நேரம் படித்ததற்குள் கண் களைத்துப்போனது.

அப்போது நான் பயன்படுத்திக்கொண்டிருந்தது ஏழு துளைகள் கொண்ட ஒரு ஹப். எச்டிஎம்ஐக்கு ஒன்று, பென்டிரைவும் சுட்டியும் செருக மூன்று, மெமரி கார்டுக்கு இரண்டு, சார்ஜருக்கு ஒன்று என்று மடிக்கணினியில் இல்லாத அத்தனையும் அதில் இருந்தன. அட்டைப்பெட்டியின் முகப்பில் '4கே' என்று கட்டைவிரல் அளவுக்கு அச்சிட்டிருந்தார்கள். பின்பக்கத்தில், பார்கோடுக்குக் கீழே, எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் '30 ஹெர்ட்ஸ்' (நொடிக்கு 30 முறை மட்டுமே படம் புதுப்பிக்கப்படும்) என்று இருந்ததை, மறுநாள் பெட்டியைத் தேடி எடுத்தபோதுதான் கவனித்தேன். அவர்கள் பொய் சொல்லவில்லை. பாதியை உரக்கவும் மீதியை முணுமுணுப்பாகவும் சொல்லியிருந்தார்கள்.

அதன் பிறகு வாங்கி, இப்போது எட்டு மாதங்களாகப் பயன்படுத்திவரும் அடாப்டர்தான் இந்த மதிப்புரைக்கு உரிய பொருள். ஒரு முனையில் யூஎஸ்பி-சி, மறுமுனையில் எச்டிஎம்ஐ துளை, இடையில் ஒரு சாண் நீளத்துக்கு நூல் பின்னிய வால், வேறொன்றும் இல்லை. '4கே 60 ஹெர்ட்ஸ்' என்பது முகப்பிலேயே, இரண்டு எண்களும் ஒரே அளவில், அச்சாகியிருந்ததுதான் இதைத் தேர்ந்தெடுக்க முதற்காரணம். தயாரிப்பாளரின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். உள்ளே ஏறத்தாழ ஒரே வகைச் சிப்பை வைத்து, வெளியே வெவ்வேறு பெயர் ஒட்டி விற்கப்படும் பொருள்கள் இந்த வகையில் ஏராளம். ஆகவே பெயரை நினைவில் வைப்பதைக் காட்டிலும் எதைப் பார்த்து வாங்குவது என்று தெரிந்துகொள்வதே பயன் தரும்.

இந்த 30க்கும் 60க்கும் உள்ள வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். ஏமாற்றம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. 4கே திரையில் உள்ளவை ஏறத்தாழ 83 லட்சம் பிக்சல்கள், அதாவது படத்தை உருவாக்கும் புள்ளிகள். ஒவ்வொரு பிக்சலின் நிறத்தையும் குறிக்க 24 பிட்டுகள் வேண்டும். அத்தனையையும் நொடிக்கு 60 முறை புதிதாக அனுப்பினால், கணக்கு நொடிக்கு ஏறத்தாழ 12 ஜிகாபிட்டில் போய் நிற்கிறது. 30 முறை மட்டும் என்றால் அதில் பாதி போதும். யூஎஸ்பி-சி செருகியினுள் அதிவேகத் தடங்கள் நான்கு இருக்கின்றன. படம் போகும்போது அவற்றில் ஓடுவது டிஸ்ப்ளேபோர்ட் என்ற பட இணைப்பு முறையின் சிக்னல். பல மடிக்கணினிகளும் ஹப்புகளும் பேசிக்கொள்ளும் வேகத்தில் ஒரு தடத்துக்கு 5.4 ஜிகாபிட் என்றாலும், தரவோடு கூடுதலாக அனுப்ப வேண்டிய குறியீட்டுச் செலவு கழிந்து கையில் நிற்பது 4.32 மட்டுமே. ஏழு துளை ஹப்பில் யூஎஸ்பி 3 துளைகளும் வேகமாக வேலை செய்ய வேண்டும் என்பதால், நான்கு தடங்களில் இரண்டை அவை எடுத்துக்கொள்கின்றன. படத்துக்கு மிஞ்சுவது இரண்டு தடங்கள், அதாவது 8.64 ஜிகாபிட். 6 அதில் அடங்கும், 12 அடங்காது. என் அம்புக்குறி தத்தியதற்கு இதைத் தவிர வேறு காரணம் இல்லை.

படத்தைத் தவிர வேறு வேலை இல்லாத அடாப்டரோ நான்கு தடங்களையும் படத்துக்கே கொடுத்துவிடுகிறது. 17.28 ஜிகாபிட் கிடைக்கும் இடத்தில் 12 தாராளமாக உட்கார்ந்துகொள்ளும். புதிய மடிக்கணினிகளிலும் புதிய ஹப்புகளிலும் ஒரு தடத்தின் வேகம் 8.1 ஜிகாபிட் வரை போகிறது. அப்போது இரண்டு தடங்களிலேயே 12.96 கிடைப்பதால், இழுத்துப் பிடித்தாவது 60 ஹெர்ட்ஸ் வந்துவிடுகிறது. ஆனால் அதற்கு மடிக்கணினி, ஹப் ஆகிய இரண்டுமே டிஸ்ப்ளேபோர்ட் 1.4 பதிப்பில் உள்ள அந்த வேகத்தை அறிந்தவையாக இருக்க வேண்டும். அட்டையில் '4கே 60 ஹெர்ட்ஸ்' என்றும், அருகிலேயே 'டிஸ்ப்ளேபோர்ட் 1.4 உள்ள கணினிகளில் மட்டும்' என்றும் ஒரு ஹப் அறிவித்தால், அந்த இரண்டாவது வரியை நேர்மையின் அடையாளமாகவே எடுத்துக்கொள்ளலாம்.

திரைப்படம் மட்டும் பார்ப்பவருக்கு 30 ஹெர்ட்ஸே போதாதா என்று கேட்கலாம். திரைப்படங்கள் பெரும்பாலும் நொடிக்கு 24 சட்டகங்கள் கொண்டவை என்பதால், பலர் குறை எதையும் உணராமலே காலம் தள்ளிவிடுவார்கள். விளையாட்டு ஒளிபரப்பு, கணினி விளையாட்டு, எழுத்து வேலை ஆகியவற்றில்தான் வேறுபாடு முகத்தில் அறைகிறது. புதிய அடாப்டரைச் செருகியவுடன் நான் செய்த முதல் வேலை, விண்டோஸ் அமைப்புகளில் டிஸ்ப்ளே என்ற பக்கத்துக்குள் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்ற பகுதியைத் திறந்து, தொலைக்காட்சியைத் தேர்ந்தெடுத்து, புதுப்பிப்பு வீதத்தைப் பார்த்ததுதான். 60 என்று இருந்தது. சுட்டியை இழுத்துப் பார்த்தேன். அம்பு வழுக்கிக்கொண்டு ஓடியது. மேக் வைத்திருப்பவர்கள் சிஸ்டம் செட்டிங்ஸில் டிஸ்ப்ளேஸ் என்ற இடத்தில் இதையே பார்க்கலாம்.

மடிக்கணினியிலேயே எச்டிஎம்ஐ துளை இருக்கும்போது அடாப்டர் எதற்கு என்ற கேள்வியும் நியாயமானது. 1080பி (1920 × 1080) தொலைக்காட்சியாக இருந்தால் எதுவும் வேண்டாம். ஒரு கேபிளோடு வேலை முடிந்தது. 4கே தொலைக்காட்சி என்றால் அந்தத் துளையின் வயதைப் பார்க்க வேண்டும். 2009இல் வந்த எச்டிஎம்ஐ 1.4 தாங்கும் வேகம் 10.2 ஜிகாபிட், 4கே படத்தை 30 ஹெர்ட்ஸில் மட்டுமே அது அனுப்பும். 60 ஹெர்ட்ஸுக்கு வழி திறந்தது 18 ஜிகாபிட் தாங்கும் எச்டிஎம்ஐ 2.0; அது வந்தது 2013இல். ஆனால் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் வரை, விலை குறைவான மடிக்கணினிகளில் 1.4 துளையே இடம்பெற்றுவந்தது. துளை இரண்டிலும் ஒரே வடிவம், ஒரே 19 ஊசி. வெளியிலிருந்து பார்த்து வேறுபடுத்த வழியில்லை. அத்தகைய மடிக்கணினியில் எச்டிஎம்ஐ துளையை விட்டுவிட்டு யூஎஸ்பி-சி வழியே போவதுதான் நல்ல படத்துக்கு வழி என்பது வேடிக்கையான உண்மை.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. யூஎஸ்பி-சி துளை இருந்தாலே அதிலிருந்து படம் வந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. என் நண்பர் ஒருவர், நான் புகழ்ந்ததைக் கேட்டு இதே அடாப்டரை வாங்கி, தம் பழைய மடிக்கணினியில் செருகிவிட்டு, "கறுப்புத் திரையைத் தவிர ஒன்றும் வரவில்லையே" என்று தொலைபேசியில் அழைத்தார். துளைக்கு அருகில் என்ன குறி இருக்கிறது என்று கேட்டேன். மின்னல் குறி இருந்தால் அது தண்டர்போல்ட், படம் வரும். டி என்ற ஆங்கில எழுத்துக்குள் பி எழுதியது போன்ற குறி இருந்தால் டிஸ்ப்ளேபோர்ட், அதிலும் வரும். அவருடைய மடிக்கணினியில் யூஎஸ்பியின் திரிசூலக் குறி மட்டுமே இருந்தது. கையேட்டைப் பார்த்தால், தரவுக்கு மட்டுமான துளை அது. அடாப்டரின் மேல் பிழை இல்லை. எந்தக் குறியும் அச்சிடாமல் படம் தரும் மடிக்கணினிகளும் இருப்பதால், வாங்கும் முன் மாதிரி எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் விவரப் பட்டியலைப் பார்ப்பதே நம்பகமானது. படம் தராத துளையைத்தான் நம்பியிருக்க வேண்டும் என்றால் டிஸ்ப்ளேலிங்க் சிப் கொண்ட வேறு வகை அடாப்டர்கள் இருக்கின்றன. அவை தனி மென்பொருள் நிறுவச் சொல்லும், படத்தைச் சுருக்கி அனுப்பும். அலுவலகக் கோப்புகளுக்கு அவை பழுதில்லை.

இந்த அடாப்டர் ஒரு திசையில் மட்டுமே வேலை செய்யும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். யூஎஸ்பி-சி துளையிலிருந்து நேரடியாக எச்டிஎம்ஐ சிக்னல் அனுப்பும் ஒரு முறையை 2016இல் அறிவித்தார்கள். ஆனால் அது கடைகளில் காலூன்றவே இல்லை. ஆகவே இந்த வகை அடாப்டர்கள் டிஸ்ப்ளேபோர்ட்டை வாங்கி எச்டிஎம்ஐயாக மாற்றித் தரும் ஒரு சிப்பை வயிற்றில் வைத்துக்கொண்டிருக்கின்றன. எச்டிஎம்ஐ தரும் விளையாட்டுப் பெட்டியை (கேம் கன்சோலை) இதில் மாட்டி மடிக்கணினித் திரையில் பார்க்க முயன்றால் ஒன்றும் நடக்காது. அந்தச் சிப் வேலை செய்வதால் உலோகத் தலை சூடாகிறது. ஒரு முழுத் திரைப்படம் ஓடி முடிந்தபின் தொட்டால் கை உணரும் அளவுக்குச் சூடு இருக்கும். கையை எடுக்கும் அளவுக்கு இல்லை. தலை உலோகமாக இருப்பதும், வால் நீண்டு அந்தச் சூடு மடிக்கணினியின் உடலை விட்டு விலகி நிற்பதும் நல்ல வடிவமைப்பு என்றே சொல்வேன். வால் இல்லாமல் நேரே செருகி நிற்கும் குட்டி அடாப்டர்களில், கனமான எச்டிஎம்ஐ கேபிளின் எடை முழுவதும் அந்தச் சிறிய யூஎஸ்பி-சி துளையின் மேல் நெம்புகோல் போல இறங்குகிறது. துளை தளர்ந்துபோனால் மாற்றுவது மதர்போர்டு வரை போகும் வேலை.

இனி தொலைக்காட்சியின் பக்கம். இந்த அடாப்டரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நான் நினைத்த ஒரே நாள், தவறு தொலைக்காட்சியினுடையதாக இருந்த நாள்தான். அப்பாவுக்குப் பழைய குடும்பப் படங்களைக் காட்டுவதற்காக இணைத்திருந்தேன். "கீழே பாதி எழுத்தைக் காணோமேப்பா" என்றார். பார்த்தால், திரையின் அடியில் இருக்க வேண்டிய டாஸ்க்பாரில் மேல்விளிம்பு மட்டும் ஒரு கோடாகத் தெரிந்தது. வலது மேல்மூலையில் சன்னலை மூடும் பெருக்கல் குறி திரைக்கு வெளியே எங்கோ இருந்தது. இது ஓவர்ஸ்கேன். குழாய்த் தொலைக்காட்சிக் காலத்தில் படத்தின் ஓரங்கள் கோணலாகவும் அழுக்காகவும் வருவதால், படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரங்களைச் சட்டத்துக்குப் பின்னால் ஒளித்தார்கள். குழாய் போய்விட்டது, பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. ஒவ்வொரு பிக்சலும் அதற்குரிய இடத்தில் விழ வேண்டிய தட்டைத் திரையிலும், சில தொலைக்காட்சிகள் இன்னும் சொல்லாமலே படத்தை இழுத்து வெட்டுகின்றன. வெட்டுவதோடு எழுத்தும் மசங்கிப்போகிறது.

கணினியின் அமைப்புகளில் படத்தைச் சுருக்கி இதைச் சரிசெய்யச் சொல்லும் அறிவுரைகள் உண்டு, அதைச் செய்யாதீர்கள். ஒருவர் இழுப்பதும் மற்றவர் சுருக்குவதுமாகப் படம் இரண்டு முறை அடிபடும். ரிமோட்டை எடுத்து, படத்தின் அளவு என்ற பகுதிக்குப் போய், எல்ஜியில் 'ஜஸ்ட் ஸ்கேன்', சாம்சங்கில் 'ஸ்கிரீன் ஃபிட்' அல்லது 'ஃபிட் டு ஸ்கிரீன்', வேறு தொலைக்காட்சிகளில் 'ஃபுல் பிக்சல்', 'டாட் பை டாட்' என்று எந்தப் பெயரில் இருந்தாலும் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். அப்பா அடுத்த படத்தில் இருந்த தேதியை வாய்விட்டுப் படித்தார். அன்றைக்கு அதுதான் எனக்குக் கிடைத்த சான்றிதழ்.

இதைவிட நுட்பமான ஒரு குறை அதன் பிறகும் இருந்தது. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து நன்றாகத் தெரிந்தது. ஆனால் கணக்குத் தாளில் நான் சிவப்பில் எழுதிவைத்திருந்த எண்கள், கறுப்புப் பின்னணியில், ஈரத்தாளில் மை கசிந்தது போல ஓரம் கலைந்து தெரிந்தன. 60 ஹெர்ட்ஸ் இருந்தது, ஓவர்ஸ்கேன் இல்லை, இருந்தும் இப்படி. காரணம், பல தொலைக்காட்சிகளின் எச்டிஎம்ஐ துளைகள் தொடக்கத்தில் முழு வேகத்தை ஏற்காதபடி அமைக்கப்பட்டிருப்பதுதான். அந்த நிலையில் 4கே 60 ஹெர்ட்ஸ் வேண்டும் என்றால், 4:2:0 எனப்படும் நிறச் சுருக்கத்தோடுதான் வரும். ஒவ்வொரு பிக்சலுக்கும் வெளிச்சம் தனித்தனியாக இருக்கும். நிறமோ நான்கு பிக்சல்களுக்கு ஒன்று என்று பங்கு போடப்படும். திரைப்படத்தில் இது கண்ணில் படாது. படங்கள் பெரும்பாலும் அந்த வடிவத்தில்தான் வருகின்றன. மெல்லிய கோடுகளால் ஆன எழுத்தில், அதுவும் வண்ண எழுத்தில், உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

இதற்கும் மருந்து ரிமோட்டில்தான் இருக்கிறது. சாம்சங்கில் 'இன்புட் சிக்னல் பிளஸ்', எல்ஜியில் 'அல்ட்ரா எச்டி டீப் கலர்', சோனியில் 'என்ஹான்ஸ்டு ஃபார்மட்' என்று அந்தத் துளைக்கு உரிய அமைப்பை இயக்க வேண்டும். கூடவே, அந்த உள்ளீட்டின் பெயரை 'பிசி' என்று மாற்றினால், பல தொலைக்காட்சிகளில் படத்தைக் கூர்மையாக்குவதாகச் சொல்லிக் கெடுக்கும் வேலைகள் நின்று, நிறச் சுருக்கமும் போய்விடுகிறது. பெயரை மாற்றினால் படம் மாறும் என்பதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். அன்றைய இரவு சிவப்பு எண்களின் ஓரங்கள் கத்தியால் நறுக்கியது போல நின்றதைப் பார்த்தபின் சிரிக்கவில்லை. இந்த அடாப்டர் முழு நிறத்தோடு 60 ஹெர்ட்ஸ் தருகிறது என்பதை அப்போதுதான் என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்தது. வாங்கிய நாளிலேயே இதைச் சோதிக்க விரும்புவோர், கறுப்புப் பின்னணியில் சிவப்பிலும் நீலத்திலும் சிறிய எழுத்தில் இரண்டு வரி எழுதிப் பார்த்தால் போதும்.

ஒலியில் சொல்ல அதிகம் இல்லை. எச்டிஎம்ஐ கேபிளிலேயே அதுவும் போய்விடுகிறது. 1987இல் பிறந்த விஜிஏ கேபிளோடு ஒலிக்குத் தனிக் கம்பி இழுத்த காலத்தை நினைத்துப் பார்த்தால் இது பெரிய நிம்மதி. படம் வந்து ஒலி மட்டும் மடிக்கணினியிலேயே கேட்டால், ஒலிபெருக்கிக் குறியைச் சொடுக்கித் தொலைக்காட்சியின் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கேபிளை உருவியதும் ஒலி தானாக மடிக்கணினிக்குத் திரும்பிவிடும் என்பதால், நள்ளிரவில் உருவும் முன் நிறுத்திவிட்டு உருவுவது வீட்டாருக்கு நல்லது.

கேபிள் அடாப்டரோடு வருவதில்லை. அதைத் தனியாகத்தான் வாங்க வேண்டும். இதில் பணத்தை வீணடிக்க ஆயிரம் வழி இருக்கிறது. தங்கமுலாம் பூசிய முனையால் நிறம் மேம்படும் என்பது அனலாக் காலத்து நம்பிக்கையின் எச்சம். எச்டிஎம்ஐயில் போவது எண்களாக மாற்றப்பட்ட சிக்னல் என்பதால், கேபிள் நன்றாக இருந்தால் படம் முழுமையாக வரும். மோசமாக இருந்தால் படத்தின் மேல் வெள்ளைப் புள்ளிகள் பொறி பறப்பது போல மின்னும், அல்லது திரை ஓரிரு நொடி கறுத்துத் திரும்பும். 'சற்று மங்கலான படம்' என்று ஒரு நிலை அதில் கிடையாது. என்னிடம் இருந்த பத்து மீட்டர் பழைய கேபிள் 1080பிக்கு ஆண்டுக்கணக்கில் உழைத்தது. 4கே 60 ஹெர்ட்ஸில் வைத்த அன்றே, இருண்ட காட்சிகளில் பொறி பறக்கத் தொடங்கியது. இரண்டு மீட்டர் கேபிளுக்கு மாற்றியதும் அடங்கிவிட்டது. 18 ஜிகாபிட்டுக்குச் சோதித்துச் சான்று பெற்றவற்றில் 'பிரீமியம் ஹை ஸ்பீடு' என்றும், 48 ஜிகாபிட் வரை தாங்குபவற்றில் 'அல்ட்ரா ஹை ஸ்பீடு' என்றும் ஸ்கேன் செய்து பார்க்கக்கூடிய முத்திரைத்தாள் பெட்டியில் இருக்கும். இந்த அடாப்டருக்கு முதல் வகை போதும். நீளம் ஐந்து மீட்டரைத் தாண்ட வேண்டிய அறையானால், சாதாரணச் செம்புக் கேபிளை நம்பாமல் ஒளியிழைக் கேபிளைப் பார்க்கலாம். அதிலும் மடிக்கணினி முனை எது, தொலைக்காட்சி முனை எது என்று குறித்திருப்பார்கள், மாற்றிச் செருகினால் படம் வராது.

கம்பியே இல்லாமல் இணைக்கலாமே என்று கேட்பவர்களுக்காக, ஒரு வாரம் அடாப்டரை உருவி வைத்துவிட்டு அதையும் செய்து பார்த்தேன். விண்டோஸ் விசையோடு கே விசையை அழுத்தினால் அருகிலுள்ள தொலைக்காட்சிகளின் பட்டியல் வருகிறது. தேர்ந்தெடுத்தால் மிராகாஸ்ட் முறையில் படம் போய்விடுகிறது. 2012இல் வந்த இந்த முறைக்கு இணைய இணைப்புகூட வேண்டியதில்லை. மடிக்கணினியும் தொலைக்காட்சியும் வைஃபை டைரக்ட் வழியே நேருக்கு நேர் பேசிக்கொள்கின்றன. மேக் கணினிகளில் மிராகாஸ்ட் இல்லை, அவற்றுக்கு ஏர்பிளே. புகைப்படங்களைக் காட்டவும், நாலு பேர் சேர்ந்து ஓர் ஆவணத்தைப் பார்க்கவும் இது மிக வசதி. ஆனால் திரையில் மாறுவதையெல்லாம் மடிக்கணினி காணொளியாகச் சுருக்கி, காற்றில் அனுப்பி, தொலைக்காட்சி அதை விரித்துக் காட்டுவதற்குள் நேரம் கடந்துவிடுகிறது. நான் தட்டச்சு செய்த சொல், கை அடுத்த சொல்லுக்குப் போனபின் திரையில் எழுந்தது. தன் குரலையே சற்றுப் பிந்திக் கேட்பவரைப் போல எழுதுவதில் தடுமாறினேன். வேகமான காட்சிகளில் கட்டம் கட்டமாகப் படம் சிதைந்ததும் உண்டு. ஒரு வாரம் முடியும் முன்பே அடாப்டர் திரும்ப வந்துவிட்டது.

கம்பியிலும் தாமதம் இல்லாமல் இல்லை. ஆனால் அதைச் சேர்ப்பது தொலைக்காட்சியின் படமேம்பாட்டு வேலைகள். 'கேம் மோடு' என்பதை இயக்கினால் அவற்றில் பெரும்பகுதி நின்றுபோய், சுட்டி கையோடு ஒட்டி வருகிறது. விளையாடாதவர்களும் கணினி இணைக்கும்போது அதை இயக்கி வைத்துக்கொள்ளலாம்.

எட்டு மாதத்தில் கண்ட குறைகளையும் சொல்ல வேண்டும். முதலாவதும் பெரியதும், இதில் மின்னூட்டத் துளை இல்லை என்பது. என் மடிக்கணினியில் யூஎஸ்பி-சி துளைகள் இரண்டு இருப்பதால் ஒன்றில் அடாப்டரும் மற்றதில் சார்ஜரும் நிற்கின்றன. ஒரே துளையுள்ள மடிக்கணினி வைத்திருப்பவர் இதை வாங்கினால், படமா மின்சாரமா என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். நீண்ட படத்தின் இறுதிக்காட்சிக்கு முன் பேட்டரி எச்சரிக்கை வரும். அவர்கள் இதே அமைப்பில் மின்னூட்டத் துளை மட்டும் கூடுதலாக உள்ள வகையை வாங்க வேண்டும். மின்சாரம் வேறு கம்பிகளில் போவதால் படத்தின் தடங்களை அது தின்பதில்லை.

இரண்டாவது, உறக்கத்திலிருந்து எழும்போது செய்யும் அடம். மடிக்கணினி உறங்கி எழுந்தபின், பத்தில் இரண்டு முறையாவது தொலைக்காட்சி 'சிக்னல் இல்லை' என்று நிற்கிறது. அடாப்டரை உருவிச் செருகினால் சரியாகிவிடும்; இருந்தாலும் எழுந்து போய் உருவ வேண்டியிருப்பது எரிச்சல்தான். தொலைக்காட்சியை முதலில் இயக்கிவிட்டு மடிக்கணினியை எழுப்பினால் இது குறைகிறது என்பதை அனுபவத்தில் கண்டேன். தொலைக்காட்சி தன்னால் என்னென்ன காட்ட முடியும் என்ற குறிப்பை இணைப்பின்போது மடிக்கணினிக்குத் தருகிறது. தருபவர் உறங்கிக்கொண்டிருந்தால் கேட்பவர் குழம்புவது இயல்பு. மூடியை மூடியதும் மடிக்கணினி உறங்கிப்போவது இந்த அடாப்டரின் குறையன்று. மின்சார அமைப்புகளில், மூடியை மூடினால் ஒன்றும் செய்யாதே என்று ஒருமுறை சொல்லிவைத்தால் தீரும். மேக்கில் அவ்வாறு மூடிவைத்துப் பயன்படுத்த சார்ஜரும் வெளிச் சுட்டியும் விசைப்பலகையும் இணைந்திருக்க வேண்டும்.

கட்டணத் திரைப்படச் சேவைகளைப் பற்றி ஒரு சொல். நகல் எடுப்பதைத் தடுக்கும் எச்டிசிபி என்ற பூட்டை, மடிக்கணினி முதல் தொலைக்காட்சி வரை இடையில் உள்ள அத்தனையும் அறிந்திருக்க வேண்டும். 4கே படங்களுக்குப் பொதுவாக 2.2 பதிப்பு கேட்கிறார்கள். ஒன்று அறியாவிட்டாலும் ஒலி மட்டும் கேட்டு, படம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புப் பெட்டி தெரியும், அல்லது தரம் குறைந்த படம் வரும். இந்த அடாப்டரில் அந்தச் சிக்கல் ஒருமுறையும் வரவில்லை. அட்டையில் 'எச்டிசிபி 2.2' என்று எழுதியிருந்ததைக் காப்பாற்றிவிட்டது.

வீட்டில் 1080பி தொலைக்காட்சி மட்டும் இருப்பவர்களுக்கு இந்த அடாப்டர் தேவையில்லை. கையில் இருக்கும் எந்த ஹப்பும் 60 ஹெர்ட்ஸ் தந்துவிடும். 120 ஹெர்ட்ஸில் விளையாட விரும்புவோருக்கும் இது போதாது. அவர்கள் எச்டிஎம்ஐ 2.1 என்று தெளிவாக எழுதிய வேறு வகைக்குப் போக வேண்டும். 4கே தொலைக்காட்சியில் எழுதவும் படிக்கவும் படம் பார்க்கவும் விரும்பும் மற்றவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஏழு துளை ஹப்பை நான் எறிந்துவிடவில்லை. கேமராவின் மெமரி கார்டைப் படிக்க அது மேசை இழுப்பறையில் இருக்கிறது. அடாப்டர் தொலைக்காட்சியின் பின்னாலிருந்து வரும் கேபிளின் முனையிலேயே நிரந்தரமாகத் தொங்குகிறது. அதன் நூல் பின்னல் யூஎஸ்பி-சி தலை சேரும் இடத்தில் இப்போதுதான் இலேசாகப் பிரியத் தொடங்கியிருக்கிறது.